எளிமை இயக்ககத்தின் முத்திரை

மாகாணக் கால்நடை முத்திரைப் பதிவகத்தில் எளிமை இயக்ககம் என்ற ஒன்றைத் தொடங்கியபோது, அதற்கு நான்கு அதிகாரிகளும் பதினேழு அறைகளும் ஒதுக்கப்பட்டன. அறைகள் போதவில்லை என்று முதல் வாரமே மேலிடத்துக்குக் கடிதம் போனது.

இரண்டாம் மாடியில் மேசை பதினான்கில் உட்கார்ந்திருந்த நெலிதா சுபெல்தியாவுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் வராது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவள் வேலை அப்படிப்பட்டது. பரானா ஆற்றுக்கு இந்தப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு முத்திரை உண்டு. அதை இரும்பில் அடித்து, பழுக்கக் காய்ச்சி, மாட்டின் இடது தொடையில் சூடு போடுவார்கள். யாராவது புதிய முத்திரை கேட்டு விண்ணப்பித்தால், அது பழைய முத்திரைகள் எதையாவது ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது நெலிதாவின் பொறுப்பு. ஒத்திருந்தால் பக்கத்துப் பண்ணைக்காரன் மாடுகளைத் தன்னுடையவை என்று ஒருவன் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். நீதிமன்றமும் அவன் பக்கம்தான் நிற்கும். இருபத்திரண்டு வருடங்களில் நெலிதாவின் கண்ணைத் தாண்டி அப்படி ஒரு முத்திரை போனதில்லை.

அவள் பார்க்கும் முறை எளிமையானது. திரையில் பழைய முத்திரையை ஒரு சாளரத்தில் திறப்பாள். புதியதை இன்னொன்றில் திறந்து, அதைக் கண்ணாடிபோலப் பாதி தெரியும்படி செய்து, முதல் சாளரத்தின் மேல் நகர்த்திக்கொண்டு போவாள். இரண்டும் ஒன்றென்றால் பானைமேல் மூடி உட்கார்வதுபோல உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான்.

மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை அவள் வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. சின்னப் படங்கள் இல்லை, பட்டைகள் இல்லை, மூடுவதற்கான பெருக்கல் குறிகூட இல்லை. மேசையில் மவுஸும் இல்லை. அது இருந்த இடத்தில், 'பெற்றுக்கொள்ளப்பட்டது: மவுஸ் ஒன்று, வாலுடன்' என்று ஒரு ரசீது கிடந்தது.

பதினோரு மணிக்கு எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். இயக்ககத்தின் தலைவர் லெயாந்த்ரோ பசலாக்குவா பேசினார். வயது நாற்பத்து மூன்று. கறுப்புச் சட்டை, ஒழுங்காக வெட்டிய தாடி. பட்டம் பெற்றவர் என்பதால் லிசென்சியாதோ என்று சொல்லித்தான் அவரைக் கூப்பிட வேண்டும். வீட்டில் தன் லினக்ஸ் திரையைப் பதினோரு வருடங்களாக மாற்றி மாற்றி அமைத்தவர். அந்தத் திரையின் படத்தை இணையத்தில் போட்டபோது முன்பின் தெரியாத பின்லாந்துக்காரர் ஒருவர் 'நன்று' என்று எழுதியிருந்தார். அந்த 'நன்று' சட்டம் போட்டு அவர் அறையில் மாட்டப்பட்டிருந்தது.

"ஒரு விண்டோ மேல இன்னொரு விண்டோ ஏறி உக்கார்றது அநாகரிகம்," என்றார் பசலாக்குவா. "கீழ இருக்கிறதுக்கும் மானம்னு ஒண்ணு இருக்கு. இனிமே எல்லாம் பக்கத்துப் பக்கத்துல, தரையில டைல்ஸ் ஒட்டின மாதிரி. திரையில தேவையில்லாதது ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. நான் பதினோரு வருஷமா என் திரையச் செதுக்கிட்டு வரேன். இன்னைக்கு வரைக்கும் அதுல ஒரு வேலை செஞ்சதில்ல. அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கேன்."

கூடம் கைதட்டியது. முடிந்துவிட்டது என்று நினைத்து நெலிதாவும் தட்டினாள்.

மேசைக்குத் திரும்பி ஒரு முத்திரையைத் திறந்தாள். அது திரை முழுவதும் பரவியது. இரண்டாவதைத் திறந்ததும் முதலாவது நசுங்கிப் பாதியாகி இடப்பக்கம் ஒதுங்கியது. மூன்றாவதைத் திறக்க, வலப்பாதி குறுக்கே இரண்டாக வெட்டப்பட்டது. வட்ட முத்திரை முட்டையாகியிருந்தது. லாடம் கொண்டை ஊசியாகியிருந்தது. ஒன்றே போன்றவை வேறாகத் தெரிந்தன. வேறானவை இரட்டைப் பிள்ளைகள்போலத் தெரிந்தன. ஒன்றின்மேல் ஒன்றை வைக்க வழியே இல்லை.

அவள் மூன்றாம் மாடிக்குப் போய்க் கேட்டாள். பசலாக்குவா மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். இந்த ஏற்பாட்டின் அழகே, அவரவர் திரையை அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதுதான் என்று விளக்கினார். எல்லாம் ஒரே ஒரு கோப்பில் எழுத்தாக இருக்கிறது, வேண்டியதை அதில் மாற்றினால் போதும் என்றார். இயக்ககத்தின் நால்வர் குழுவுடைய அனுமதியோடு, என்பதைக் கதவுவரை வந்து சொன்னார்.

நெலிதா அந்தக் கோப்பை அச்செடுத்து மூன்று வாரங்கள் பேருந்தில் படித்தாள். முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது வாரம், இது நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டதல்ல என்று புரிந்தது. மூன்றாவது வாரம், ஒரு வரியைச் சேர்த்தால் படம் காட்டும் சாளரம் மட்டும் டைல்ஸில் ஒட்டாமல் மேலே மிதக்கும் என்று கண்டுபிடித்தாள். சேர்த்தாள். ஐம்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஒரு மென்பொருளைத் தன் கையால் திருத்தித் தொகுத்து ஓடவிட்டாள். திரை ஒரு முறை கண் சிமிட்டியது. முத்திரைமேல் முத்திரை ஏறி நின்றது. தேங்கிக் கிடந்த முப்பத்தோரு விண்ணப்பங்களை நாற்பது நிமிடத்தில் முடித்தாள். நாற்பத்தோராவது நிமிடம் தொலைபேசி ஒலித்தது. மேசை பதினான்கில் ஏதோ மிதப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, அப்படியே கையை எடுத்துவிட்டு மேலே வரவும் என்றார்கள்.

விசாரணை இரண்டு மணி நேரம் நடந்தது. மிதந்தது எவ்வளவு நேரம், எந்தத் திசையில், மிதந்தபோது வேறு யாராவது பார்த்தார்களா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பக்கத்து மேசையில், மாடுகளைச் சாலையில் கொண்டுபோக நடமாட்டச் சீட்டு எழுதும் தெல்மாவைச் சாட்சியாக அழைத்தார்கள். அவள், தான் அந்த நேரத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்ததாகச் சொன்னாள். கடைசியில் பசலாக்குவா பெருந்தன்மையோடு ஒரு வழி காட்டினார். மொத்த நிரலும் இரண்டாயிரம் வரிகளைத் தாண்டக் கூடாது, இப்போது சரியாக இரண்டாயிரம் இருக்கிறது. ஆகவே நெலிதாவுக்கு ஒரு வரி வேண்டுமென்றால் வேறு யாராவது ஒரு வரியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

தெல்மா உடனே கொடுத்தாள். அவள் திரையின் மூலையில் கடிகாரம் காட்டும் வரி அது. "எனக்கெதுக்குடி கடிகாரம், பசிச்சா பன்னெண்டு மணி," என்றாள்.

குழு அதை அளந்து பார்த்தது. தெல்மாவின் வரியில் முப்பத்தெட்டு எழுத்து, நெலிதாவின் வரியிலோ அறுபத்தொன்று. இருபத்து மூன்று எழுத்துகளுக்கு நெலிதா மாடி மாடியாக ஏறி இறங்கினாள். வாயில் காவலர் அச்சுப்பொறியை இயக்கும் விசையைத் துறந்து பதினான்கு கொடுத்தார். கணக்குப் பிரிவில் கண் மங்கிய ஒரு மனிதர் திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் விசையைத் துறந்து ஒன்பது கொடுத்தார். பெருக்கித் துடைக்கும் அம்மாளுக்குக் கணினியே கிடையாது. என் பெயரிலிருந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

அறுபத்தொரு எழுத்துகளும் முறையாகச் சமர்ப்பிக்கப்பட்டன. குழு இரண்டு அமர்வுகள் கூடி ஆராய்ந்தது. அந்த இடைவெளியில் வரம்பு இரண்டாயிரத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாகக் குறைக்கப்பட்டிருந்ததால், மூவரின் வரிகளும் இயக்ககத்துக்கு அளிக்கப்பட்ட நன்கொடையாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. பாராட்டுக் கடிதம் வந்தது. அதன் பிறகு தெல்மா உத்தேசமாகச் சாப்பிடப் போனாள், காவலர் வருகைப் பதிவைக் கையால் எழுதினார், கணக்குப் பிரிவு மனிதர் திரையில் மூக்கு இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தார். நெலிதாவின் சாளரம் மிதக்கவில்லை.

முட்டையாகிப் போன முத்திரைகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். விண்ணப்பங்கள் நூற்று நாற்பது சேர்ந்தன. பண்ணைக்காரர்கள் கீழே கூச்சல் போட்டார்கள். பசலாக்குவா யோசித்துச் சிக்கலை வேரிலேயே கண்டுபிடித்தார். அடுத்த நாள் ஒரே வரியில் ஆணை வந்தது: 'ஒப்பிடுதல் நீக்கப்பட்டது.' ஒப்பிட ஒன்றுமில்லை என்பதால் ஒப்பிடும் பதவியும் இல்லை. நெலிதா அடுத்த மாதம் முப்பதாம் தேதி வரை இருந்துவிட்டு, நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, லகூனா அமார்காவில் தோல் கிடங்குக்குப் போக வேண்டும்.

"அங்க கம்ப்யூட்டரே கிடையாது, தோன்யா நெலிதா," என்றார் பசலாக்குவா, அம்மா என்பதற்கான மரியாதைச் சொல்லைச் சேர்த்து. "உங்களுக்குப் பிடிக்கும்."

அன்று அவளுக்குள் ஏதோ ஒன்று நிதானமாக உட்கார்ந்துகொண்டது. இருபத்திரண்டு வருடம் செய்த வேலை ஒரு வரியில் போயிற்று. அந்த வரியை எழுதியவனுக்கு அதில் சிறு பெருமிதம்கூட இருந்தது. அவள் அழவில்லை. வேலையை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும், முடிந்தால் வட்டியோடு, என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

"என்னடி பண்ணப் போற?" என்று தெல்மா கேட்டாள்.

"அவன் சொல்றத மட்டும் பண்ணப் போறேன். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

இயக்ககம் அதோடு நிற்கவில்லை. பதிவகத்தின் விதிகளிலும் கை வைத்தது. முத்திரை போட்ட பொருள் யாருக்குச் சொந்தம் என்ற பழைய விதி பதினோரு வரி நீளம். பசு, காளை, எருது, குதிரை, கோவேறு கழுதை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். பசலாக்குவா அதைப் பார்த்து முகம் சுளித்தார். இந்த மிருகங்களெல்லாம் விதிக்குள் என்ன செய்கின்றன என்று கேட்டார். மாலைக்குள் விதி ஒரே வரியாயிற்று: 'முத்திரை எவருடையதோ, அதைத் தாங்கியதெல்லாம் அவருடையது.' அதையும் அச்சிட்டு மாட்டினார்கள்.

பிறகு, இவ்வளவு எளிமையான ஓர் இயக்ககத்துக்குத் தனக்கென்று ஒரு முத்திரை இல்லாதது குறையாகத் தெரிந்தது. வேளாண்மைத் துணைச் செயலர் பார்வையிட வரப்போகிறார் என்ற செய்தி வந்ததும் அது அவசரமாகவும் ஆயிற்று. நால்வரும் ஐந்து வாரங்கள் உழைத்தார்கள். கோட்டின் தடிமன் பற்றி இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் முத்திரை உருவானது: ஒரு சதுரம், நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கோடு, வலப்பாதியில் குறுக்கே ஒரு கோடு. மூன்று சாளரங்கள் திறந்திருக்கும் திரை எப்படி இருக்குமோ அப்படி. பதிவகத்தின் முத்திரை, பதிவகத்திலேயே பதிவாக வேண்டும் என்று பசலாக்குவா விரும்பினார். விண்ணப்பம் மேசை பதினான்குக்கு வந்தது. தேதி இருபத்து நான்கு.

நெலிதாவுக்கு எதன்மேலும் எதையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தவுடன் தெரிந்தது. எண் 4418. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் பதிவானது. லெகிசமோன் குடும்பம், மூன்றாம் தலைமுறை. ஆற்றோரத்தில் அதை 'உடைந்த படல்' என்று சொல்வார்கள். எண்ணூறு மாடுகளின் தொடையில் இருக்கிறது.

அவள் பேனாவைத் திறந்து எழுதினாள்: 'இம்முத்திரையைப் பழையவற்றோடு ஒப்பிடலாமா?' ஒப்பிடுதல் நீக்கப்பட்டது என்று பதில் வந்தது. 'இந்த ஒரு முறை மட்டும் விதிவிலக்காக ஒப்பிடலாமா?' விதிவிலக்குகள் எளிமைக்கு எதிரானவை என்று பதில் வந்தது. மூன்றாவது முறை நேரிலேயே போனாள்.

"லிசென்சியாதோ, பின்னாடி ஏதாவது வந்துச்சுன்னா?"

"உங்க பிரச்சினை என்ன தெரியுமா?" என்றார் பசலாக்குவா, கருணையோடு. "ஒண்ணப் பாத்தா உங்களுக்கு உடனே இன்னொண்ணு ஞாபகம் வருது. மனச காலியா வெச்சுக்கப் பழகுங்க. நான் எல்லாம் அப்படித்தான்."

அதையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று அவள் கேட்டாள். மகிழ்ச்சியோடு தந்தார். அவள் முத்திரையைப் பதிவு செய்தாள்.

அடுத்த மூன்று நாட்களும் மூன்றாம் மாடியிலிருந்து மரம் தீயும் வாசனை வந்தது. ஒரு கொல்லனிடம் இரும்பில் முத்திரை அடிக்கச் சொல்லியிருந்தார்கள். நாற்காலிகள், மேசைகள், அலமாரிகள், கதவுகள் எல்லாவற்றிலும் சூடு போட்டார்கள். கணினிகளுக்குச் சூடு ஆகாது என்று தெரிய ஒரு கணினி செலவாயிற்று; மற்றவற்றில் செதுக்கினார்கள். இருபத்தேழாம் தேதி நால்வரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போய் இடது கையில் பச்சை குத்திக்கொண்டு வந்தார்கள். பசலாக்குவா அதை எல்லோருக்கும் காட்டினார். நெலிதா, கோடு ரொம்பத் தெளிவாக விழுந்திருப்பதாகப் பாராட்டினாள். உண்மையாகவே பாராட்டினாள்.

பிறகு கீழே போய் லெகிசமோன் பண்ணைக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"தோன் அப்பரிசியோ, உங்க சூடு போட்டது கொஞ்சம் இங்க டவுன்ல நிக்குது. வந்து ஓட்டிட்டுப் போறீங்களா?"

மறுமுனையில் கிழவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "எங்களுது எதுவும் தொலையலியேம்மா. எத்தன தல?"

"தலை நாலு. மீதி நாற்காலி."

விழா இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குத் தொடங்கியது. துணைச் செயலர் முன்வரிசையில், சூடு போட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். மேடையில் பெரிய திரை, அதில் கறுப்பு. அந்தக் கறுப்பை எட்டுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பசலாக்குவா விளக்கினார். ஒரு விசையை அழுத்தினார். ஒரு சாளரம் திறந்தது, அதில் ஒன்றுமில்லை. இன்னொன்றை அழுத்தினார், ஒன்றுமில்லாத இரண்டு சாளரங்கள் சரிசமமாக நின்றன. துணைச் செயலர் மெதுவாகத் தலையாட்டினார். பசலாக்குவா சட்டைக்கையை மடித்து முத்திரையைக் காட்டி, "இது நான் சுமக்கிறது இல்ல, என்னைச் சுமக்கிறது," என்றபோதுதான் வாசலில் மாட்டு லாரி பின்பக்கமாக வந்து நின்றது.

தோன் அப்பரிசியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கூடவே இரண்டு மகன்களும், கால்நடைத் திருட்டைக் கவனிக்கும் ஊரகக் காவல் சார்ஜென்ட்டும். சார்ஜென்ட் சத்தம் போடவில்லை. எண் 4418-இன் பதிவுத்தாளைக் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த ஒற்றை வரி விதியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். துணைச் செயலரிடம் குனிந்து, ஐயா கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா என்று கேட்டார். மகன்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பசலாக்குவா பதறாமல், அந்த முத்திரை இயக்ககத்துடையது, முறையாகப் பதிவானது என்றார்.

"உங்களுது போன வாரம்," என்றார் சார்ஜென்ட். "இவங்களுது முப்பத்தொண்ணுல. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா மூத்தது ஜெயிக்கும். பதிவு பண்ணும்போது ஒப்பிட்டுப் பாத்தது யாரு?"

நெலிதா மூன்று தாள்களை நீட்டினாள். சார்ஜென்ட் படித்தார். மூன்றாவது தாளை இரண்டு முறை படித்துவிட்டு, துணைச் செயலரிடம் கொடுத்தார். துணைச் செயலர் நின்றுகொண்டே படித்தார். உட்கார இடமில்லாத ஒருவருடைய தெளிவு அவருக்கு அப்போது வந்தது. பசலாக்குவா என்ற இந்த மனிதரைத் தான் இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதாகவும், ஒப்பிடுதல் இந்த நிமிடத்திலிருந்து மீண்டும் நடைமுறைக்கு வருவதாகவும், அதைச் செய்பவர் யாரோ அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை என்றும் சொன்னார். எழுத்தில் வேண்டும் என்றாள் நெலிதா. மேசை லாரிக்குப் போய்விட்டதால் அவர் சுவரில் வைத்து எழுதிக் கையெழுத்திட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் பசலாக்குவா அவளிடம். "பாத்த அன்னைக்கே தெரிஞ்சிருக்கு."

"ஞாபகம் வந்துச்சு, லிசென்சியாதோ. மனச காலியா வெச்சுக்கச் சொன்னீங்க."

சாமான்கள் ஏறி முடிந்ததும் சார்ஜென்ட் பசலாக்குவாவின் கையையும் சுவரிலிருந்த வரியையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற மூவரும் சட்டைக்கைகளை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார்கள். விதியில் மிருகம் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்றாள் நெலிதா. அப்படியானால் இதுவும் ஏற வேண்டியதுதான் என்றார் சார்ஜென்ட் வருத்தத்தோடு. ஆனால் நடமாட்டச் சீட்டு இல்லாமல் முத்திரை போட்ட எதையும் சாலையில் கொண்டுபோக முடியாது.

தெல்மா தன் சீட்டுப் புத்தகத்தை நெலிதாவுக்கு விட்டுக்கொடுத்தாள். சீட்டு காவல்துறைக்கு உட்பட்டது என்பதால் இயக்ககம் அதைத் தொட முடிந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. நெலிதா ஒவ்வொன்றாக நிரப்பினாள். பால்: ஆண். வயது: நாற்பத்து மூன்று. நிறம்: வெளிர், தாடியில் செம்மை. கொம்பு: இல்லை. பல் எத்தனை என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள்; பசலாக்குவா தன்னையறியாமல் வாயைத் திறந்தார். எண்ணி எழுதினாள்.

"நோக்கம்," என்று படித்தாள். "மூணுதான் இருக்கு. இனப்பெருக்கம், வேலை, வெட்டு. எதுன்னு போடட்டும், தோன் அப்பரிசியோ?"

கிழவர் பசலாக்குவாவைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வாங்கத் தயங்கும் மாட்டை விடுவதுபோல விட்டார். "முதலாவது வேணாம்," என்றார். "மத்ததுல உங்க இஷ்டம்."

"வேலைன்னு எழுதுங்க, தோன்யா நெலிதா," என்றார் பசலாக்குவா. குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "தயவுசெஞ்சு வேலைன்னே எழுதுங்க."

நெலிதா எழுதினாள். அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

"இதுவரை செஞ்ச வேலை என்ன, அதுக்கொரு வரி இருக்கு."

வெளியே லாரி இரண்டு முறை ஒலி எழுப்பியது. பசலாக்குவா கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மற்ற மூவரைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் நெலிதா, பேனாவை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு. அவள் ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடங்கள் இருந்தன.